முதல் தேதி இல்லாத கதை

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைமலை நகரிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். கையில் அவர் எழுதிய நாவல் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஒழுங்காக அச்செடுத்துத் தைத்திருந்தார். படித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றார். இம்மாதிரி வருகிற பிரதிகளை நான் வழக்கமாக ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு பையனின் கதை என்று அவர் சொன்னதும் வாங்கி வைத்துக்கொண்டேன். நம் நாவல்களில் வயல் இருக்கிறது, அக்கிரகாரம் இருக்கிறது, நெசவாளர் தெரு இருக்கிறது, உப்பளம் இருக்கிறது. மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காரும் லாரியும் டயரும் கைப்பேசியும் செய்து தள்ளியிருக்கிறார்கள். அவற்றைச் செய்த கைகள் நம் கதைகளில் அதிகமாகத் தென்பட்டதில்லை.

இரண்டு இரவில் படித்து முடித்தேன். பிள்ளைக்கு எழுத வருகிறது. கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்களைப் பற்றி அவர் எழுதியிருந்த நான்கு பக்கத்தை நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் நாவல் மொத்தமாகப் பொய்யாக இருந்தது. டிப்ளமோ படித்த கதாநாயகன் தொழிற்சாலையில் சேருகிறான்; சூப்பர்வைசர் ஒருவன் அவனைப் பகைக்கிறான்; சக தொழிலாளியின் தங்கையோடு காதல்; கடைசி அத்தியாயத்தில் அவனுக்கு வேலை நிரந்தரமாகிறது. முதல் தேதி சம்பளம் வாங்கி அம்மா கையில் கொடுக்கிறான். சுபம்.

அடுத்த முறை அவர் வந்தபோது, "தம்பி, உங்களுக்கு வேலை நிரந்தரமா?" என்று கேட்டேன். சிரித்தார்.

ஏழு வருஷத்தில் நாலு கம்பெனி பார்த்துவிட்டாராம். முதல் இடத்தில் 'டிரெய்னி' என்று ஒரு வருஷம். என்ன பயிற்சி என்று கேட்டேன். முதல் வாரத்திலேயே நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலையைச் செய்ததாகச் சொன்னார். சட்டையின் நிறம் மட்டும் வேறாம். வருஷம் முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த இடங்களில் காண்ட்ராக்டர் மூலமாக. சில மாதம் ஓடும், பிறகு 'பிரேக்', பிறகு வேறு காண்ட்ராக்டர் பெயரில் வேறு அடையாள அட்டை. இப்போது நிலைமை இன்னும் 'முன்னேறி' இருக்கிறது. நாளைக்கு ஷிப்ட் உண்டா, இல்லையா என்பது இன்றைக்கு ராத்திரி போனில் செய்தியாக வரும். வராத நாட்களில் மாலையில் பொத்தேரிப் பக்கம் மாணவர் விடுதிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறார். அதற்கு மணிக்கணக்கில் 'ஸ்லாட்' பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பிறகு ஏன் கதையில் அப்படி முடித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் கிடைக்கல சார். ஹீரோவுக்காவது கிடைக்கட்டுமேன்னு குடுத்தேன்" என்றார்.

அவரைக் கண்டித்துப் பேசுவதற்கு நான் வாயெடுத்தேன். அதற்குள் என் சொந்த நாவல் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. பதினைந்து வருஷங்களுக்கு முன் எழுதியது. அதிலும் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனுக்கு வேலை நிரந்தரமாகிறது. வாசகர்கள் மனநிறைவோடு கடிதம் எழுதினார்கள். நான் அப்படி முடித்ததற்குக் கொள்கையும் காரணமில்லை, அனுபவமும் காரணமில்லை. கதையை முடிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த இளைஞரின் நாவலைப் பற்றியது மட்டுமல்ல. நாங்கள் இரண்டு பேரும் செய்த ஒரே தவற்றைப் பற்றியது.

தமிழ்ப் புனைகதை, குறிப்பாக நடுத்தர வர்க்கத்தார் எழுதி நடுத்தர வர்க்கத்தார் படிக்கிற புனைகதை, மாதச் சம்பளத்தின் மேல் கட்டப்பட்ட வீடு. 1955-இல் 'முதல் தேதி' என்று ஒரு சினிமா வந்தது. அந்தத் தலைப்புக்கு யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பால்காரனும் மளிகைக்காரனும் வீட்டுக்காரனும் பெண்டாட்டியும் எதிர்பார்த்திருக்கிற அந்த ஒரு நாள் தமிழ்நாட்டுக்கே பொதுவான பண்டிகை. அந்தப் படத்தில் கதாநாயகன் வேலை பார்க்கிற பாங்கு மூழ்கிப் போகிறது. குடும்பமும் கூடவே மூழ்குகிறது. முதல் தேதி போய்விட்டால் கதைக்கு மிஞ்சுவது துயரம் ஒன்றுதான் என்பது நம் அனைவரின் நம்பிக்கையும்.

யோசித்துப் பார்த்தால் நம் நாவலின் அத்தியாயப் பிரிவுகளையே உத்தியோகம்தான் வகுத்துக் கொடுத்திருக்கிறது. வேலைக்குச் சேருதல், இன்கிரிமெண்ட், கல்யாணம், மாற்றல், வீட்டுக் கடன், ரிடயர்மெண்ட். பாத்திரங்கள் ஒருவரையொருவர் நெருங்கி அறிவதற்கு வேண்டிய காலத்தையும் அதுதான் தருகிறது. அடுத்தடுத்த நாற்காலியில் பத்து வருஷம் உட்கார்ந்தால் நட்பும் பொறாமையும் தாமே வளரும். ஆசிரியர் சிரமப்பட வேண்டியதில்லை. வில்லனையும் அதுதான் தருகிறது: மானேஜர். டில்லி அலுவலகங்களைப் பற்றி ஆதவன் எழுதிய கதைகளில் அந்த நாற்காலிகளின் சலிப்பே விஷயம். ஆனால் சலிப்பதற்கும் நாற்காலி நிலைத்திருக்க வேண்டும் அல்லவா? வேலை கிடைக்காதவனின் கதையும் இதற்கு விலக்கல்ல. நாஞ்சில் நாடனின் 'மிதவை'யில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் பம்பாய்க்குப் போகிறவன் தேடுவதும் அந்த நாற்காலியைத்தான். வேலை உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைதான் நமக்குத் தெரியும். வேலை உண்டு, ஆனால் நாளைக்கு உண்டா என்பது ராத்திரி பத்து மணிக்குத்தான் தெரியும் என்ற மூன்றாவது நிலைக்கு நம்மிடம் கதை இல்லை.

நிரந்தர வேலை என்பது ஏதோ ஆதியிலிருந்து இருந்து வந்த ஏற்பாடு போலவும், இப்போதுதான் யாரோ திருடிக்கொண்டு போனது போலவும் நாம் பேசுகிறோம். அது சரியல்ல. 1918-இல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது மில் தொழிலாளிக்கு அந்த ஸ்திரம் கிடையாது. அந்தச் சங்கத்தை வளர்த்தவர்களில் திரு.வி.க. ஒருவர், தமிழ் உரைநடையை வளர்த்த அதே பேனா தொழிலாளிக்காகவும் எழுதியது. துறைமுகங்களில் தினந்தோறும் கூலிக்காகக் கூட்டத்தில் நின்றவர்களைப் பெயர் பதிந்து முறைப்படுத்துவதற்கு 1948-இல்தான் மத்தியச் சட்டம் வந்தது. 1981-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் செய்தது: இருபத்துநான்கு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த 480 என்ற எண்ணைக் கதாசிரியர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். நம் இளைஞருக்கு வந்த 'பிரேக்'குகளின் பொருள் அந்த எண்ணில் இருக்கிறது. உழைப்பவன் எட்ட வேண்டிய எண்ணாகச் சட்டம் அதை எழுதி வைத்தது; எட்டவிடாமல் தடுக்க வேண்டிய எண்ணாக வேறு சிலர் அதைப் படித்துக்கொண்டார்கள்.

ஆக, போராடிச் சேர்த்தது அறுபது எழுபது வருஷம். கரைந்தது அதில் பாதிக் காலத்துக்குள். மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், இந்த நூற்றாண்டு பிறந்தபோது பதிவுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள் நூற்றுக்கு இருபது பேர் அளவில் இருந்தார்கள். 2022-23-இல் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். நிரந்தரம் என்று பெயர் பெற்ற வேலையும் எவ்வளவு நிரந்தரம் என்பதை மறைமலை நகர் கண்ணெதிரே பார்த்தது. ஃபோர்டு கம்பெனி அங்கே 1999-இல் கார் செய்யத் தொடங்கியது; இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது; 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. நஷ்டஈடு பேசி வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2025-இல் அதே இடத்தில் என்ஜின் செய்யப் போவதாக அரசோடு மறுபடி ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. தொழிற்சாலை போகிறது, வருகிறது. இடையில் இருந்த வருஷங்களில் அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள், மனைவியிடம் அன்று ராத்திரி எப்படிச் சொன்னார்கள் என்பது செய்தித்தாளின் வேலையல்ல, நம் வேலை. நாம் செய்யவில்லை.

ஆனால் நம் முன்னோர்கள் செய்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யை எழுதியது 1935-இல். மருதி தன் கிராமத்தை விட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். இன்றைக்கு நாம் காண்ட்ராக்ட் என்று சொல்லும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு முழுவதும் அந்தத் தோட்ட வாழ்க்கையில் இருந்தது. துரை ஒருவன்; தொழிலாளி ஒருவன்; நடுவில் ஆள்பிடிப்பவன், கங்காணி, கணக்கப்பிள்ளை. அந்தத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். நிறுவை குறைந்தாலோ வேலை குறைந்தது என்று கருதினாலோ அரைப்பேர்தான் போடுவார்கள். ஒரு மனிதனின் பெயரே அவன் கூலியின் அளவாகி, அதையும் பாதியாக வெட்ட முடிந்த அந்தச் சொல்லைப் போலக் கொடுமையாக ஒரு சொல்லை எந்த எழுத்தாளனும் கற்பனை செய்துவிட முடியாது. அட்டையைத் தேய்த்து உள்ளே போகிற இன்றைய தொழிலாளிக்கும் பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் என்று இருக்குமானால், அரைப்பேர் இன்னும் சாகவில்லை என்று பொருள்.

அவருடைய 'ஒரு நாள் கழிந்தது' இன்னும் நெருக்கமானது. எழுதிப் பிழைக்கிற ஒருவர், குடும்பத்தோடு, சில்லறைக் கடன் வாங்கி அன்றைய பொழுதை ஓட்டுகிறார். கதையில் நடப்பது அவ்வளவே. ஆனால் அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். கதையின் அளவே ஒரு நாள். வருகிற முதல் தேதியில் நம்பிக்கை வைக்க அவரால் முடியாது. இன்றைய தினம் போயிற்று என்பதுதான் அவருடைய வெற்றி. தினமணியை விட்டபின் புதுமைப்பித்தன் வேறு பத்திரிகை, பிறகு சினிமா வசனம் என்று அலைந்து, 1948-இல் மாண்டார். எழுத்தாளன்தான் இந்த நாட்டில் முதன்முதலில் துண்டு துண்டாக உழைப்பை விற்றவன். ஒரு கதைக்கு இவ்வளவு, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். நம் நிலையிலிருக்கிற ஒருவனுக்கு மட்டும் கதையில் மாதச் சம்பளம் கொடுத்து அழகு பார்ப்பது விசித்திரம்தான்.

நாள் இப்படி. வாரம் என்ற அளவைத் திருப்பூர் கொடுத்தது. அங்கே சனிக்கிழமைச் சம்பளம். எட்டு மணி ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி ஒன்றரை ஷிப்ட். அல்லது பீஸ் ரேட். எம். கோபாலகிருஷ்ணன் அந்த ஊரைப் பற்றி 2004-இல் வெளியிட்ட நாவலுக்கு 'மணல்கடிகை' என்று பெயர் வைத்தார். பனியன் தொழிலுக்குள் வளர்ந்து, ஏறி, இறங்குகிற ஐந்து நண்பர்களின் கதை. ஊரின் கடிகாரமே வேறு என்பதைப் புரிந்துகொண்ட தலைப்பு அது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-இல் வந்தது. அங்கேயும் நாட்கூலிதான், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. இருந்தாலும் அந்த அளத்து ஜனங்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்களுக்கு ஒரு குடியிருப்பு உண்டு. கோபம் கொள்வதற்கு முகம் தெரிந்த ஒருவன் உண்டு. இளைஞரிடம், "உங்கள் லைனில் பக்கத்தில் நிற்பவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். "இந்த வாரம் நிக்கிறவரு ஒடிசாக்காரரு சார். பேரு கேக்கல. அடுத்த வாரம் வேற ஆளு" என்றார். இங்கேதான் பழைய தொழிலாளர் நாவலின் அச்சும் உடைந்து போகிறது. ஒற்றுமையைப் பற்றி எழுதுவதற்கு முதலில் பெயராவது தெரிய வேண்டும்.

மணிக்கணக்கு என்ற கடைசி அளவைப் பற்றி எழுதியவர் அசோகமித்திரன். இதைச் சொன்னால் சிலர் வியப்படையக்கூடும். அவர் கார்த் தொழிற்சாலையைப் பற்றி எழுதவில்லை. சினிமாவைப் பற்றி எழுதினார். ஆனால் முழுநேர வேலை கலைந்து மணிக்கணக்கு வேலையாக மாறியதைத் தமிழ்நாட்டில் முதலில் அனுபவித்த தொழில்களில் ஒன்று சினிமாதான். ஜெமினியிலும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலும் ஒரு காலத்தில் நடிகர்களுக்குக்கூட மாதச் சம்பளம். வாத்தியக்காரர், தச்சர், எடிட்டர், கதை இலாகா எல்லாரும் சிப்பந்திகள். பிறகு ஸ்டூடியோக்கள் தளத்தை வாடகைக்கு விடத் தொடங்கின. தயாரிப்பாளர்கள் படத்துக்குப் படம் ஆள் பிடித்தார்கள். 'கால்ஷீட்' என்ற சொல் தமிழ்ச் சொல்லாயிற்று. மனிதனை மாதமாக வாங்காமல் மணியாக வாங்கும் முறைக்கு நம் ஜனங்கள் அறிந்த முதல் பெயர் அது. நட்சத்திரத்துக்குக் கால்ஷீட் என்றால் அந்தஸ்து. லைட்பாய்க்குக் கால்ஷீட் என்றால் இன்று அடுப்பெரியுமா என்ற கேள்வி. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினியில் வேலை பார்த்தவர். 1969-இல் நூலாக வந்த 'கரைந்த நிழல்கள்' அந்த மாறுதலுக்குள்ளிருந்து எழுதப்பட்டது.

அந்த நாவலை முதன்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. முதல் அத்தியாயத்தில் புரொடக்ஷன் மானேஜர் நடராஜன் விடியற்காலையில் எழுந்து, வெளிப்புறப் படப்பிடிப்புக்காக ஆட்களையும் வண்டியையும் திரட்ட ஓடுகிறான். இவன்தான் கதாநாயகன் என்று நாம் உட்காருகிறோம். அவன் நழுவிப் போய்விடுகிறான். ரெட்டியார் என்ற தயாரிப்பாளரைப் பிடித்துக்கொள்கிறோம். அவரும் காணாமற் போகிறார். பிறகு வேறு ஒருவன், வேறு ஒரு ஸ்டூடியோ, வேறு ஒரு முதலாளி. நடராஜனின் கதி என்னவாயிற்று என்பது வெகு பின்னால், யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் நம் காதில் விழுகிறது. அதைச் சொல்கிறவனுக்கு அதில் பெரிய அக்கறைகூட இல்லை. ஆசிரியருக்கு நாவலைக் கட்டத் தெரியவில்லை என்று அன்று நான் நினைத்தேன்.

அந்த இளைஞரின் வாழ்க்கையைக் கேட்ட பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். கட்டத் தெரியாதவர் அல்ல. பொய்யாகக் கட்ட மறுத்தவர். ஒரு படம் நின்றால் அத்தனை பேரும் கலைந்து போகிற தொழிலில், ஒரே கதாநாயகனை இருநூறு பக்கம் கூட்டிக்கொண்டு போவது அந்தத் தொழிலைப் பற்றிய பொய். மனிதர்கள் நம் கண்ணிலிருந்து மறைகிற விதமே அந்த நாவலின் விஷயம். வில்லனும் அதில் கிடையாது. தயாரிப்பாளரே கடனில் ஓடுகிறார்; அவரைக் கெட்டவர் என்று வெறுத்துவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூட முடியாது. மறைமலை நகர் இளைஞருக்கும் இதே சங்கடம். கம்பெனியைக் கேட்டால் காண்ட்ராக்டரைக் கேள் என்கிறது. காண்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டுகிறார். சாப்பாடு கொண்டு போகிற வேலையில் கேட்பதற்கு ஆளே இல்லை, போன்தான் இருக்கிறது. தன் நாவலுக்கு அவர் ஒரு சூப்பர்வைசரை வில்லனாகப் பிடித்துப் போட்டது, கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்ததால்தான். முகம் இல்லாததுதான் அவருடைய உண்மையான விஷயம். அதை அவர் தூக்கி எறிந்துவிட்டார்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த முறைக்குப் பத்திரிகைகளும் அரசாங்கக் குறிப்புகளும் வைத்திருக்கிற பெயர் 'நெகிழ்வு'. நெகிழ்வான வேலை நேரம், நெகிழ்வான பணிமுறை. 2023 ஏப்ரல் 21-இல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் இதே சொல்லைத்தான் ஆதரித்தவர்கள் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பி, மே 1-ஆம் தேதி அதை வாபஸ் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த மத்தியத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுப்பது முறையான வேலைவாய்ப்பு வகை. சட்டம் நல்லதா கெட்டதா என்று வாதாட நான் வக்கீல் அல்ல. சொல் என் தொழில். அதைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை உண்டு. நெகிழ்தல் என்றால் தமிழில் என்ன? அகப்பாட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: வளை நெகிழும். பிரிவினால் மெலிந்து போன கையிலிருந்து வளையல் தானே கழன்று விழும். வளையல் பெரிதாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. கை இளைத்துவிட்டது என்று பொருள். நெகிழ்வு என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் யார் இளைத்தார்கள் என்று கேட்பது தமிழ் படித்தவனின் கடமை.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கைக்குழந்தைக்காரிக்கு நாளில் நாலு மணி வேலை என்பது வரமாக இருக்கலாம். படிக்கிற பையனுக்கு மாலை வேலை உதவி. நிரந்தரம் என்பதே சுகம் என்றும் நினைக்க வேண்டாம். இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் வருகிற ஆரோக்கியத்தின் வேலையைவிட நிரந்தரமான வேலை எது? பிறப்பிலேயே வந்தது, ஊருக்கெல்லாம் துணி வெளுத்து, வீட்டுக்கு வீடு சோறு வாங்கி, சாகும் வரைக்கும் விடாதது. அதற்கு மணியும் இல்லை, விடுமுறையும் இல்லை. அவளுக்குக் கணக்கிட்ட எட்டு மணி நேரமும் கணக்கிட்ட கூலியும் கிடைத்திருந்தால் விடுதலையாக இருந்திருக்கும். ஆகவே கேள்வி, மாதமா மணியா என்பதல்ல. கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். வேலைக்கு வரும் நேரத்தைத் தானே தீர்மானிக்கிறவனுக்கு மணிக்கணக்கு சுதந்திரம். ராத்திரி பத்து மணிக்குச் செய்தி வருமா என்று போனை வெறித்துக்கொண்டிருப்பவனுக்கு அது வேறு. கூலி கொடுக்கப்படுவது உழைத்த மணிக்கு மட்டும். காத்திருந்த மணிக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

காத்திருந்த அந்த மணிதான் நாவலாசிரியனுக்கு உரியது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு நாம் வெளிநாட்டு ஆசிரியர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. மறைமலை நகரின் பெயருக்கு உரியவரே போதும். மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். பல்கலைக்கழகத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலை போய், அவருடைய வேலைக்கும் முடிவு வந்தது. அந்த ஸ்திரமான உத்தியோகத்தை விட்டு வந்து, பல்லாவரத்தில் எழுத்தையும் பேச்சையும் நம்பி 1950 வரை வாழ்ந்தார். அவர் முல்லைப்பாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியுரை எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, போர்ப் பாசறை. அங்கே அரசனுக்கு நாழிகை அளந்து சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நீர் சொட்டும் கன்னலைப் பார்த்து இவ்வளவு பொழுது ஆயிற்று என்று அறிவிக்கிறார்கள். மற்றொன்று, வீடு. அங்கே கணவன் வருகிற நாளை எண்ணிக்கொண்டு ஒருத்தி, கழலும் வளையைத் திருத்திக்கொண்டு இருக்கிறாள். அவளுடைய பொழுதை அளந்து சொல்ல யாரும் கிடையாது. நூற்றுச் சொச்சம் அடியில் அந்தப் புலவர் இரண்டையும் சேர்த்து வைத்தார். பாசறைக் கணக்கை மட்டும் எழுதியிருந்தால் அது சேனையின் அறிக்கையாகப் போயிருக்கும். வீட்டை மட்டும் எழுதியிருந்தால் வெறும் புலம்பலாகியிருக்கும்.

நம் தொழிலாளர் கதைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். ஒன்று, புள்ளிவிவரத்தோடு கூடிய அறிக்கை, அல்லது கண்ணீர். இரண்டும் வாசகனை எழுந்து போக விட்டுவிடும். நடுத்தர வாசகர்களாகிய நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நாணவும் வேண்டும். நம் வாசலில் பத்து நிமிஷத்தில் பொட்டலத்தைக் கொண்டு வந்து நீட்டுகிற கையை நாம் தினமும் பார்க்கிறோம். அவனுடைய மணியை நறுக்குகிற கடிகாரத்தின் ஒரு முள் நம் விரலிலும் இருக்கிறது. அவன் வந்த பாதையை வரைபடத்தில் புள்ளியாகப் பார்த்தோமே தவிர, அவன் எங்கிருந்து வந்தான் என்று ஒரு கதையும் எழுதவில்லை; எழுதினால் படிப்போமா என்றும் எனக்குச் சந்தேகம்.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பிரதியைத் திருப்பிக் கொடுத்து மூன்று காரியம் செய்யச் சொன்னேன். கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். சூப்பர்வைசரை வில்லன் பதவியிலிருந்து நீக்குங்கள். அவரும் காண்ட்ராக்டில் இருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் பற்றிய அந்த நாலு பக்கத்திலிருந்து நாவலைத் தொடங்குங்கள்.

"அதுல கதையே இல்லையே சார். எல்லாரும் தூங்கறாங்க, அவ்வளவுதான்" என்றார்.

"முந்தின நாள் ராத்திரி அவர்களுக்குச் செய்தி வந்ததா, வரவில்லையா என்று காத்திருந்ததை எழுதினீர்களா?"

அவர் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார். "அம்மாவும்தான் முழிச்சிருப்பாங்க சார். காலைல டப்பா கட்டணுமா வேணாமான்னு தெரியணும் இல்ல?" என்றார்.

அதைத்தான் எழுத வேண்டும் என்றேன். எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். வரவில்லை. சனிக்கிழமை இரவு அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: நாளைக்கு ஷிப்ட் போட்டுவிட்டார்கள் சார், மன்னிக்கவும், அத்தியாயம் ஒன்று முடித்துவிட்டேன். நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.